பதினேழாம் வரி

பாட்டுப் புத்தகங்களைத் தராசில் வைத்து எடை போட்ட சபை உலகத்தில் வேறு எங்காவது உண்டா, தெரியாது. இந்தச் சபை போட்டது.

புதிய நான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டி முடித்திருந்தார்கள். எட்டுப் பேர் ஏறும் கூண்டு. ஆள் ஏறுவதற்கு முன் பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கென்று கம்பெனியில் இரும்புக் கட்டிகள் உண்டு. அன்றைக்குப் பார்த்து அவை ஏதோ ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் உட்கார்ந்திருந்தன. பிரதிஷ்டைக்குப் பன்னிரண்டே நாள். பேராயர் தேதி கொடுத்துவிட்டார். பேராயர் கொடுக்கும் தேதி கோடை மழை மாதிரி. தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று வானத்துக்கே தெரியாது.

வழி கண்டுபிடித்தவர் சபைச் செயலாளர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். யார் ஜெபம் செய்தாலும் அது முடிவதற்கு இரண்டு வாக்கியம் முன்னாலேயே 'ஆமென்' சொல்லிவிடுவதால் ஆமென் சார் என்று பெயர்.

"பாரம்னா பாரம்தானே? ஸ்டோர் ரூம்ல பாட்டுப் புத்தகம் முப்பத்தாறு பெட்டி பிரிக்காம கிடக்கு. அதை ஏத்துங்க. முதல் சவாரி கர்த்தருடைய பாட்டுக்கே போகட்டும்!"

லிஃப்ட் மெக்கானிக் மறுக்கவில்லை. பெட்டிக்குப் பெட்டி எடை போட்டார். ஒன்று பத்தொன்பது கிலோ. முப்பத்தாறும் சேர்ந்து அறுநூற்று எண்பத்து நான்கு. சட்டம் கேட்டது அறுநூற்று எண்பது. "சரியா இருக்கு சார்" என்றார்.

இந்த மெக்கானிக்கைப் பட்டறையில் திருகாணி என்பார்கள். ஒரு திருகாணியை மூன்று முறை முடுக்கிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போக மாட்டார் என்பது ஒரு காரணம். உள்ளே போய்விட்டால் சுத்தியால் அடித்தாலும் வெளியே வராது என்பது இன்னொன்று. முதல் காரணத்தை நேரில் சொல்வார்கள். வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷமாக ஒரே கம்பெனி. கம்பெனியின் முதலாளிதான் சபையின் மூப்பர். லிஃப்டைக் காணிக்கையாகக் கொடுப்பவரும் அவரே. வாரத்தில் ஆறு நாள் "முதலாளி" என்றும், ஏழாம் நாள் "மூப்பர் ஐயா" என்றும் அதே ஆளைக் கூப்பிட்டுப் பழகிய நாக்கு திருகாணிக்கு.

சோதனையில் முக்கியமானது ஒன்று உண்டு. கூண்டின் அடியில் இரண்டு இரும்புத் தாடைகள் இருக்கும். மேலே கயிறு அறுந்து கூண்டு வேகம் பிடித்தால், இரண்டு பக்கமும் நிற்கும் இரும்புச் சட்டங்களைத் தாடைகள் கவ்வி நிறுத்த வேண்டும். ஒரு சாண் தூரத்துக்குள் நிறுத்த வேண்டும். கயிறு அறுகிற அன்றைக்கு மட்டுமே அவற்றுக்கு வேலை. மற்ற நாளெல்லாம் சும்மா கூடவே ஏறி இறங்கும். அவை இருப்பதே யாருக்கும் தெரியாது.

திருகாணி மொட்டை மாடியில் மோட்டார் அறையில் இருந்தார். ஆமென் சார் தரைத்தளத்தில் கதவுக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். பாட்டுப் புத்தகங்கள் கூண்டோடு மூன்றாம் மாடியில் இருந்தன. பிரேக்கின் நெம்புகோலைப் பிடித்துத் திறந்துவைத்துக்கொண்டு, திருகாணி தாடைகளோடு இணைந்த கம்பியை மேலிருந்தே இழுத்து அவற்றைத் தட்டிவிட்டார்.

வலது தாடை கவ்வியது. இடது தாடை கவ்வவில்லை. கிரீச்சென்ற சத்தத்தோடு கூண்டு ஒன்றரை மாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. திருகாணி நெம்புகோலை விட்டார். பிரேக் விழுந்தது, கூண்டு நின்றது. அவ்வளவுதான். சோதனை தோல்வி.

ஆனால் புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் அது வேறு உருவத்தில் எழுந்து வந்தது.

"சகோதர சகோதரிகளே," என்றார் ஆமென் சார், கைக்குட்டையை ஆயத்தமாகக் கையில் வைத்துக்கொண்டு. "அந்தக் கூண்டு பாதாளத்தை நோக்கிப் பாய்ந்தது! என் கண்ணால் கண்டேன்! நடுவழியில் கர்த்தருடைய கரம் தாங்கிப் பிடித்தது! பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு புத்தகத்தில் ஒரு தாள்கூட மடங்கவில்லை!"

சபை எழுந்து நின்று ஸ்தோத்திரம் செய்தது. கடைசி வரிசையில் திருகாணியும் எழுந்து நின்றார். கர்த்தருடைய கரம் தாங்கவில்லை என்று அவரும் சொல்லத் துணியமாட்டார். அந்த நேரத்தில் அந்தக் கரத்தில் கிரீஸ் அப்பியிருந்தது என்பதும், ஆமென் சாரின் கண் மூடியிருந்தது என்பதும் மட்டும் அவருக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற மனைவி முழங்கையால் இடித்தாள்.

"வீட்டுல நீங்க 'சோதனை போச்சு'ன்னுதானே சொன்னீங்க?"

"போச்சுதான்."

"இங்க அற்புதமாயிருச்சே."

"நானும் இப்பதான் கேக்கிறேன்."

வியாழக்கிழமை காலை முதலாளி கூப்பிட்டுவிட்டார். குளிர்சாதன அறை, கண்ணாடி மேஜை, சுவரில் சட்டமிட்ட வசனம். வசனம் முதலாளியின் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் எதிரே உட்காருகிறவர்கள் மட்டுமே அதைப் படிக்க முடியும்.

"உக்காருப்பா" என்றார். இருபத்தாறு வருஷத்தில் திருகாணியை இந்த அறையில் உட்காரச் சொன்னது மூன்றே முறை, மூன்றும் நல்லதுக்கில்லை.

"படிவம் பார்த்தேன். எல்லாம் எழுதியிருக்க. பதினேழாவது வரி மட்டும் காலியா இருக்கே?"

பதினேழாம் வரி சின்னக் கேள்விதான். 'பாதுகாப்புத் தாடைகள் பிடித்தனவா?' அதற்கு எதிரே ஒரு கட்டம். கீழே மெக்கானிக்கின் கையெழுத்து.

"பிடிக்கலைங்க முதலாளி. அதைத்தான் எழுதணும். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுதலாம்னு விட்டேன். புதுத் தாடை வரணும். ஆறு வாரம் ஆகும்."

"ஆறு வாரமா! அடுத்த ஞாயித்துக்கிழமை பேராயர் வர்றார்!"

"படி இருக்குங்களே."

"பேராயரைப் படியேறச் சொல்றியா நீ?" முதலாளி, பேராயரை மரமேறச் சொன்னதுபோல் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "இங்க பாரு. கயிறு எத்தனை?"

"அஞ்சு."

"ஒரு கயிறு எவ்வளவு தாங்கும்?"

"முழுப் பாரத்தையும் தாங்கும்."

"நீயே சொல்ற. அஞ்சும் ஒரே நாள்ல அறுமா?"

"அறாதுங்க. அநேகமா அறவே அறாது."

"அப்புறம் என்னப்பா?"

"அறுமான்னு படிவம் கேக்கலைங்க. பிடிச்சுதான்னு கேக்குது."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மாட்டியபோது அவர் மூப்பர் ஐயாவாகியிருந்தார். குரலும் மாறியிருந்தது. வேலை நாளில் அந்தக் குரலைத் திருகாணி கேட்பது இதுவே முதல் தடவை.

"சபை முழுக்க ஸ்தோத்திரம் பண்ணியாச்சு. இப்போ நீ 'பிடிக்கவில்லை'ன்னு எழுதினா, செயலாளர் பொய்யராவார். சபை பொய்யாகும். கர்த்தருடைய நாமத்துக்குத்தான் இழுக்கு. உனக்கு விசுவாசம் இல்லையா?"

"விசுவாசம் இருக்குங்க. தாடைதான் இல்லை."

"குதர்க்கம் பேசாதே. மகனைப் பலி கொடுக்க மலையேறினாரே ஒரு தகப்பன், அவர் கேள்வி கேட்டாரா? கீழ்ப்படிதல்னா பலி இருக்கும்ப்பா. நான் லிஃப்டையே கொடுத்திருக்கேன். நீ உன் பிடிவாதத்தைக் கொடு. கர்த்தர் பார்த்துக்குவார்."

அந்த வசனத்தைத்தான் திருகாணியும் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். எந்த மலை, எது பலி என்பதில்தான் இரண்டு பேருக்கும் தகராறு.

"நாளைக்கு எழுதிக் கொண்டா," என்றார் மூப்பர். கதவு வரை வந்த பிறகு, முதலாளியின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "அந்தப் பட்டறை வீட்டுல ஓடு மாத்தணும்னு கேட்டிருந்தேல்ல? யார் இருக்கப் போறாங்கன்னு முடிவு பண்ணிட்டு மாத்திக்கலாம்."

திருகாணி நேரே போதகரிடம் போனார். போதகர் நல்ல மனுஷர். யாருடைய மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர். அதனால் பதினெட்டு வருஷமாகத் தன் மனதை மட்டும் நோகடித்துக்கொண்டு வந்தவர். பிரதிஷ்டை அழைப்பிதழில் மூப்பரின் பட்டங்களுக்கு இடம் போதாமல், தன் பெயரைச் சின்ன எழுத்தாக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"எனக்கு மிஷினெல்லாம் தெரியாதேப்பா."

"மிஷின் எனக்குத் தெரியும் ஐயா. எழுதலாமான்னுதான் கேக்க வந்தேன்."

போதகர் ஜன்னலைப் பார்த்தார். "ஜெபிப்போம்" என்றார். ஜெபித்தார். திருகாணிக்கு ஞானம் வேண்டும் என்று கேட்டார்; மூப்பருக்கும் ஞானம் வேண்டும் என்று கேட்டார். இரண்டு தட்டும் ஒரு குன்றிமணி ஏறாமல் இறங்காமல் சமமாக நின்ற ஜெபம். கடைசியில் அவரே ஆமென் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். பட்டறைக்குப் பின்னால், கம்பெனி கொடுத்த இரண்டு அறை. மனைவி மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்கு இன்னும் மூன்று மாதத்தில் பள்ளி இறுதிப் பரீட்சை.

அவர் சொன்னதை அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல் கேட்டாள்.

"நீங்க எழுதிக் கொடுக்கலைன்னா என்ன ஆகும்?"

"வேற ஒருத்தன் எழுதிக் கொடுப்பான்."

"லிஃப்ட் ஓடும்?"

"ஓடும்."

"பேராயர் போவார்?"

"போவார்."

"அப்போ யாருக்கு என்ன பிரயோஜனம்? நம்ம மூணு பேர் தெருவுல நிக்கிறதைத் தவிர?"

திருகாணி தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னார். "பிடிச்சுதுன்னு எழுத எனக்குக் கை வராது. அவர் முன்னால அது பொய்."

"எவர் முன்னால?"

அவர் மேலே பார்த்தார். ஓட்டு இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஏங்க, அவர் நம்மளைக் கைவிட மாட்டார்னு எனக்கும் தெரியும். சின்ன வயசுலருந்து பாடுறேன். கைவிடாம எங்க கொண்டுபோய் வைப்பார்னுதான் தெரியல. அதை மட்டும் முன்கூட்டியே சொல்ல மாட்டேங்கிறாரே."

"பயமா இருக்கா?"

"பின்ன? உங்களுக்கு இல்லையா?"

"இருக்கு."

"நல்லவேளை. எனக்கு மட்டும்தானோன்னு நினைச்சேன்." சீருடையை மடித்தாள், மடிப்பு சரியாக வரவில்லை, உதறி மறுபடி மடித்தாள். "கயிறு அறுந்தாத்தான் தாடை பிடிக்குமா பிடிக்காதான்னு தெரியும்னு சொல்லுவீங்களே. நமக்கு இத்தனை வருஷமா அறுந்ததே இல்லை. சம்பளம், வீடு, சபை, எல்லாம் ஒரே ஆள்கிட்ட. அஞ்சு கயிறு மாதிரி தெரிஞ்சுது. ஒரே கயிறுதான் போல." மடித்ததை மகளின் பை மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "எழுதிடுங்க. உண்மையை எழுதிடுங்க. நான் புலம்புவேன். அதைக் கண்டுக்காதீங்க."

வெள்ளிக்கிழமை காலை பதினேழாம் வரியில் 'பிடிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு மேஜையில் வைத்தார். முதலாளி அதைப் படிக்கவில்லை, பார்த்தார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. வேலை இனி இல்லை, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதைக் கணக்குப்பிள்ளை வந்து சொன்னார், தான் கண்டுபிடித்த சட்டம் மாதிரி.

அந்தப் படிவம் கிழிபட்டது. புதிதாக ஒன்று பிறந்தது. கையெழுத்திட்டவர் முதலாளியின் மச்சான். பெயிண்ட் வியாபாரம் செய்பவர். எந்தக் காலத்திலோ ஒரு லிஃப்ட் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். வீட்டில் விருந்துக்கு மட்டும் எடுக்கும் வெள்ளித் தட்டைப்போல் அதைப் பத்திரப்படுத்தியிருந்தார்.

திருகாணி அத்தோடு விடவில்லை. லிஃப்ட் ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதினார். வந்து பார்ப்பதாகவும், மனுக்கள் வந்த வரிசைப்படி பார்க்கப்படும் என்றும் பதில் வந்தது. ஆமென் சாரின் வீட்டுக்கே போய்ச் சொன்னார். "அற்புதத்தைச் சந்தேகிக்கிற ஆவி உங்களைப் பிடிச்சிருக்கு, தம்பி" என்று சொல்லி, அவர் வாசலிலேயே நிறுத்தி ஜெபம் செய்து அனுப்பினார். சபையில் சிலர் பேசுவதை நிறுத்தினார்கள். சிலர் அதிகமாகப் பேசினார்கள். வாடகைக்கு வீடு கேட்ட இடங்களில், என்ன வேலை என்றார்கள். வேலை கேட்ட இடங்களில், பழைய முதலாளி என்ன சொல்வார் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போக வேண்டாம் என்று மகள் சொன்னாள். மனைவி நல்ல புடவையை எடுத்தாள். "நாம என்ன திருடினோமா?" என்றாள். மகள் மட்டும் வீட்டில் இருந்துகொண்டாள்.

கட்டட முகப்பில் கல்வெட்டு. மூப்பரின் பெயர் மேலே, பெரிதாக. பேராயரின் பெயர் அதற்குக் கீழே. கடவுளின் மகிமைக்காக என்பது அடியில், கல் முடிகிற இடத்தில் நெருக்கி. ரிப்பன் வெட்டினார்கள். பேராயருக்குத் தடித்த, களைத்த, சிரித்த முகம். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. லிஃப்ட் கதவு திறந்தது. எட்டுப் பேர் பட்டியலை ஆமென் சார் வாசித்தார். பேராயர், அவர் மனைவி, மூப்பர், அவர் மனைவி, மச்சான், கட்டட ஒப்பந்தக்காரர், செயலாளராகிய தான், போதகர்.

ஏழு பேர் ஏறினார்கள். போதகர் வாசற்படியில் நின்றார்.

"வாங்கய்யா" என்றார் மூப்பர்.

"இல்ல... சர்க்கரை இருக்கு. டாக்டர் படியேறி நடக்கச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போதகர் படிக்கட்டுப் பக்கம் போனார். மூப்பரின் முகம் கறுத்தது. கதவு மூடியது.

அந்த ஒரு நிமிஷம் திருகாணிக்கு நடந்ததை வெளியில் யாரும் பார்க்கவில்லை. கூண்டு மேலே கிளம்பும் சத்தம் கேட்டது; அந்தச் சத்தம் அவருக்குப் பிள்ளையின் மூச்சு மாதிரி தெரியும். உள்ளேயிருந்து ஓர் ஆசை எழுந்தது. விழட்டும். முழுக்க வேண்டாம். அரை மாடி. ஒருவருக்கும் அடிபடாமல், எல்லாரும் அலறுகிற அளவுக்கு மட்டும். வேலை திரும்ப வரும். வீடு திரும்ப வரும். ஆமென் சார் வாயடைப்பார். அரை மாடிதானே, ஆண்டவரே?

தான் என்ன கேட்கிறோம் என்று அவருக்கே விளங்கியது. பேராயர் மனைவியின் கையில் இருந்த பூங்கொத்து நினைவுக்கு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

'வேண்டாம்,' என்று கேட்டார். 'தாங்கும், ஆண்டவரே. அந்த மச்சானையும் சேர்த்துத் தாங்கும். நான் முட்டாளாப் போறேன், போகட்டும். அஞ்சு கயிறும் நிக்கட்டும்.' இத்தனை வருஷத்தில் தனக்கு நஷ்டம் வரும்படி அவர் செய்த முதல் ஜெபம் அது. முதல் வாக்கியங்களுக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. கடைசி வாக்கியம் தானாக வந்தது.

மேலே மணி அடித்தது. கதவு திறந்தது. நான்காம் மாடியில் கைதட்டல் இடிபோல் எழுந்தது.

கூண்டு கீழே திரும்பி வந்தபோது ஆமென் சார் அதில் தனியாக வந்தார், அடுத்த எட்டுப் பேரை அழைத்துப்போக. திருகாணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன தம்பி! ஒண்ணும் ஆகலையே!"

"ஆகலை சார். ஸ்தோத்திரம்."

"இப்போ ஸ்தோத்திரமா? அப்போ ஏன் அந்த ஆட்டம் ஆடினீங்க?"

"ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் சார் கேட்டுக்கிட்டிருந்தேன். கொடுத்துட்டார்." பிறகு, வரிசையில் நின்றவர்கள் காதிலும் விழும்படி சொன்னார்: "ஆனா தாடை இன்னும் பிடிக்கலை. யாரும் ஏறாதீங்க. அது நேத்தும் உண்மை, இன்னைக்கும் உண்மை."

வரிசை சிரித்தது. "பொறாமை" என்று ஒரு குரல் வந்தது. எட்டுப் பேர் ஏறினார்கள். அவர் மனைவி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "வாங்க, நடப்போம்" என்றாள்.

இரண்டாம் மாடி வளைவில், படியில் போதகர் உட்கார்ந்திருந்தார். அங்கி முழங்கால் வரை சுருண்டிருந்தது. நெற்றியில் வியர்வை.

"மூச்சு வாங்குதா ஐயா?" என்றாள் மனைவி. "டாக்டர் இன்னைக்குத்தான் நடக்கச் சொன்னாரா?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லலம்மா" என்றார் போதகர். "எனக்குச் சர்க்கரையும் இல்லை."

சுவருக்கு அந்தப் பக்கம் கூண்டு ஏறிப்போகும் சத்தம் கேட்டது. திருகாணி அது நிற்கும் வரை காது கொடுத்துவிட்டு மூச்சு விட்டார்.

"மேல போனதும் பேராயர்கிட்ட சொல்லணும்னு இருக்கேன்" என்றார் போதகர். "தாடை வர்ற வரைக்கும் லிஃப்டைப் பூட்டி வைக்கணும்னு. எல்லார் முன்னாலயும். கீழேயிருந்து இதைச் சொல்லிக்கிட்டேதான் ஏறினேன். இங்க வந்ததும் காலு ஏற மாட்டேங்குது." சிரிக்கப் பார்த்தார். "மூப்பர் என்னை மாத்திருவார். வர்ற மாசமே. என் வீடும் சபை வீடுதானே."

"மாத்துவார் ஐயா" என்றார் திருகாணி. ஆறுதலுக்காகக்கூட அவருக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

"உங்களுக்கு வீடு கிடைச்சுதா?"

"இன்னும் இல்லை."

"கர்த்தர்..." என்று ஆரம்பித்த போதகர் நிறுத்திக்கொண்டார். பதினெட்டு வருஷமாக வாரம் நாற்பது தடவை சொன்ன வாக்கியம். இன்றைக்கு அதன் கனம் தெரிந்தவர்போல் பாதியில் கீழே வைத்துவிட்டார். "உங்ககிட்ட அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை."

"சொல்லுங்க ஐயா" என்றார் திருகாணி. "அது உண்மைதான். பார்த்துக்குவார். எப்படின்னு எனக்கும் தெரியாது."

"தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க" என்றாள் மனைவி.

திருகாணி கையை நீட்டினார். போதகர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அங்கி காலில் தடுக்காமல் இருக்க, மனைவி பின்னால் வந்து அதன் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மேலே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பேராயர் பேச ஆரம்பிக்கப் போகிறார் போலிருந்தது. இன்னும் நாற்பத்தெட்டுப் படி இருந்தது. மூவரும் ஏறத் தொடங்கினார்கள்.